நேசபாய்க்குக் கம்பி கட்டிய வருஷம்

நேசபாய்க்குப் பல்லில் கம்பி கட்டியபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. மகள் ரெஜிஷாவுக்கு இருபத்து மூன்று. கம்பி மகளுக்குத்தான் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவும் மகளும் மார்த்தாண்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, மகள் வாயைத் திறக்காமல் வந்ததைப் பார்த்து அது உறுதி என்றார்கள். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் எப்போதும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நான் அவர்களுக்கு மேற்கு வீடு. நடுவில் ஒரு மண் கையாலை. அது ஆட்டுக்குத் தடை, கோழிக்குப் பாதித் தடை, என் காதுக்கு எந்த விதத்திலும் தடையில்லை.

நேசபாயின் மேல்வரிசையில் முன்பல் நான்கும் வெளியே எட்டிப் பார்க்கும். அது அவளுடைய அப்பா வழி. அந்த மனிதர் ஒரு ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, பதினேழு தேங்காயைப் பல்லாலேயே உரித்துப் போட்டார். பதினெட்டாவது காய் அவர் வாய் பக்கத்தில் வருவதைப் பார்த்துத் தானாகவே உரிந்துகொண்டது. இதைக் கண்ணால் கண்டவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் செத்துப்போனார்கள். ஆகையால் என்னைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்குப் பேர் வாங்கித் தந்த பல் மகளுக்கு வந்ததும் குறையாகிவிட்டது. ஆறாம் வகுப்பிலேயே அவளுடைய இடது கை வாய்க்கு முன்னால் போய் நிற்கப் படித்துவிட்டது. சிரிப்பு வருவதற்கு முன்பே கை வந்துவிடும். சில நேரம் சிரிப்பு வராமலே போய்விடும். கை மட்டும் வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ரசலையன் அவளைக் கட்டிய கல்யாண ஆல்பத்தில் முப்பத்தாறு படங்கள். ஒன்றே ஒன்றில் கையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. ஆல்பம் வந்த அன்று ரசலையனுடைய அக்கா அதைப் பார்த்து, "இதென்னட்டி, தேங்கா துருவியா" என்று ஒரு வார்த்தை கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ரசலையனும் சிரித்தான். மறுநாள் அந்தப் பக்கத்தில் படத்தைப் பிடித்திருந்த நாலு மூலை ஒட்டுகள் மட்டும் இருந்தன. படத்தை அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் ஈறில் ரத்தம் வருகிறது என்று மார்த்தாண்டத்தில் பல் டாக்டரிடம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். டாக்டர் சின்னப் பெண். பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் துலக்க முடியவில்லை, அதனால்தான் ஈறு புண்ணாகிறது என்று அவள் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்து எழுந்து வாசல்வரை வந்த நேசபாய் திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறாள்.

"எனக்க வயசுக்கு இனி இது நிமிருமா மோளே?"

"எலும்புக்கு வயசு தெரியாதும்மா. மெதுவாத் தள்ளினா நகரும். ரெண்டு வருஷம் பிடிக்கும், பரவாயில்லையா?"

நேசபாய் அங்கேயே மறுபடியும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். திருவனந்தபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ரெஜிஷா, செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். இதெல்லாம் கையாலை வழியாக வந்த செய்தி.

கம்பி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வெளியே வந்தால் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நேசம், கொள்ளாமே. இனி மாப்பிள பாக்கவா?"

"பாருங்க. இங்க உள்ள ஆளு இப்ப கொறட்ட விடுதாரு" என்று கையால் மறைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

வீட்டில் சாப்பாடு மாறிப்போனது. மரச்சீனிக் கிழங்கு சந்தனம் மாதிரி குழைந்தது. மீன் முள் எடுத்துத் தட்டுக்கு வந்தது. கடிக்கிற சாமான் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவள் முன்னால் ஏத்தங்காய் சிப்ஸ் தின்பது ரசலையனுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் போய், சத்தம் கேட்காமல் இருக்க ஒவ்வொரு சிப்ஸாகச் சாயாவில் முக்கித் தின்றான். சாயாவில் ஊறிய சிப்ஸ் தின்ற மனிதனை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். மாடும் பார்த்தது. அன்று சாயங்காலம் அது தவிடு தின்னவில்லை.

தை மாதம் ரெஜிஷாவுக்குக் கல்யாணம் ஒத்து வந்தது. மாப்பிள்ளை பெனிஷ், கரண்ட் ஆபீசில் வேலை, தங்கமான பையன். அவனுடைய அம்மா ஜெபகுமாரி டீச்சர், ஹைஸ்கூலில் கணக்கு எடுத்து ரிட்டயரானவர். பேசுவது குறைவு. சிரிப்பது அதைவிடக் குறைவு. அப்படியே சிரித்தாலும் மேல்வரிசை அளவெடுத்த மாதிரி நேராக இருக்கும். லெந்து நோன்பு நாட்களில் கல்யாணம் வைக்க முடியாது, ஈஸ்டர் கழிந்து மே மாதம் இரண்டாவது வாரம் என்று பேசி முடித்தார்கள். டீச்சர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த நேசபாயைப் பார்த்தார்.

"நேசபாய், இந்தக் கம்பிய எப்போ எடுப்பாவ?"

"இன்னும் ஒண்ணரை வருசம் ஆவும் டீச்சர்."

"கல்யாணத்துக்கு முன்ன எடுத்திரலாமே. ஸ்டேஜில நாம ரெண்டு பேரும் நிக்கணும்லா. படம் காலாகாலத்துக்கும் இருக்கக்கூடிய சாதனம்."

குரலில் ஒரு கடுமையும் இல்லை. கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கை அழித்துவிட்டுப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். நேசபாயின் கை வாய்க்குப் போனது. ரசலையன்தான் பதில் சொன்னான்.

"அதுக்கென்ன டீச்சர். எடுத்திரலாம். அது வெறும் கம்பிதான."

அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிட நீண்டு கேட்டது. கழுவினதையே திரும்பக் கழுவினாள் என்று நினைக்கிறேன்.

மாசியில் தேன் காலம் வந்துவிட்டது. ரசலையனுக்குத் தொழில் தேன்பெட்டி. எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு பூவில் இருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்று, பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்த இலைக்காம்பின் கணுவில் தேன் கசியும். ஒன்றரை இரண்டு மாதம்தான். அதற்குள் தேனீக்கள் வருஷத்துக்கான பாட்டைப் பார்த்துவிட வேண்டும், அவற்றை வைத்திருக்கிறவனும் பார்த்துவிட வேண்டும். ரசலையனிடம் நூற்று இருபது பெட்டி. எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கொண்டு வைத்துவிட்டு, அங்கேயே ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற ஷெட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தங்கிவிடுவார்கள். ஒரு வருஷம் அவசரத்தில் ஒரு பெட்டியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெட்டி ஈக்கள் மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நானும் கூடப் போவேன். ஈயைப் பிடித்துத் தின்ன வரும் பஞ்சுருட்டான் குருவியை விரட்டுவது என் வேலை. உட்கார்ந்தபடியே செய்யலாம்.

தோட்டத்தில் மூன்றாவது வாரம், கம்பியின் கடைசி நுனி நேசபாயின் கன்னத்தில் குத்த ஆரம்பித்தது. அப்படிக் குத்தினால் மேலே உருட்டி வைக்க டாக்டர் ஒரு சின்னப் பெட்டியில் மெழுகு கொடுத்திருந்தாள். அது தீர்ந்துபோனது. அடுத்து டாக்டரைப் பார்க்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. நேசபாய் சுற்றிலும் பார்த்தாள். நூற்று இருபது பெட்டி நிறைய மெழுகு. மெழுகுக்கு அலைகிறவர்கள் அலையட்டும் என்று, அன்று காலை முதலில் திறந்த பெட்டியின் தேனடையில் ஒரு நுள்ளு எடுத்து, கையில் உருட்டி, கம்பி நுனியில் அப்பிக்கொண்டாள். உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்கிற பெண்ணுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

பிறகு பதினாலாம் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கையிலும் அடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராணி ஈயைத் தேடிக் குனிந்தாள். அவள் வாயில் இருந்தது இன்னொரு பெட்டியின் வாசனை பிடித்த மெழுகு, போதாததற்குத் தேனும் ஒட்டியிருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் உதட்டைச் சுற்றி முப்பது நாற்பது ஈக்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. தூரத்தில் இருந்து பார்த்தால் நேசபாய்க்கு நல்ல கம்பீரமான மீசை.

"ம்ம்ம்" என்றாள்.

புகை போட்டுக்கொண்டிருந்த ரசலையன் திரும்பினான்.

"ஏட்டி, அனங்காத. சட்டத்தக் கீழ போட்டிராத. மூச்ச மூக்கால விடு. என்னத்த தின்ன?"

"ம்ம்."

"வாயத் தொற. மெதுவா. பூராவும் தொற."

கையில் ஆயிரம் ஈயோடு சட்டம். கை வாய்க்குப் போக வழியில்லை. நேசபாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். ரசலையன் புகையை ஒரு பக்கமாகப் பிடித்து, உதட்டில் இருந்த ஈக்களை ஊதி விலக்கி, சுண்டு விரலை உள்ளே விட்டு மெழுகை நோண்டி எடுத்தான். எடுத்த பிறகும் அவன் குனிந்தே நின்றான். கல்யாணம் கழிந்து இருபத்தைந்து வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் அந்தப் பல்லை அவன் பார்த்ததில்லை.

"கேட்டியா, இது உள்ள போயிருக்கே" என்றான். "முன்ன இந்தால நிண்ண பல்லு, இப்ப வரிசைக்கு வந்திருக்கு."

அந்த நேரம் பார்த்து ஒரு ஈ கீழுதட்டில் கொட்டியது.

சாயங்காலம் உதடு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. நேசபாய் கஞ்சியைச் சரித்துச் சரித்துக் குடித்தாள். எதிரில் உட்கார்ந்து சுட்ட கருவாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த ரசலையன் ரொம்பச் சந்தோஷமாக இருந்தான்.

"இவ்வளவு நேராச்சுல்லா. இனி போரும். கல்யாணத்துக்கு எடுத்திரலாம். டீச்சருக்கும் ஒரு திருப்தி."

நேசபாய் கஞ்சிச் சட்டியைப் பாதியில் கீழே வைத்தாள்.

"ஒனக்கு வெசனமா?"

"எனக்கென்ன வெசனம்" என்று வீங்கிய உதட்டோடு சொல்லிவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். போகிறபோது என்னைப் பார்த்து, "மாமா, கஞ்சி இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறவள் மாதிரி இல்லை. அழாமல் இருப்பதற்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு பலாமரப் பொந்தில் காட்டுக்கூடு ஒன்று கண்டுபிடித்தார்கள். ரசலையன் அதைப் பக்குவமாக அறுத்து எடுத்தான். பொந்துக்குள் வளைந்தும் நெளிந்தும் தொங்கிய அடைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, நேராக நிறுத்தி, வாழைநாரால் சுற்றிக் கட்டி, புதுப்பெட்டிக்குள் இறக்கினான். அவன் நார் கட்டுவதைப் பார்க்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி, இறுக்கவும் மாட்டான், தளர்த்தவும் மாட்டான்.

மறுநாள் காலை நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். நேசபாய் அரிவாளை எடுத்துக்கொண்டு நேராகப் புதுப்பெட்டிக்குப் போனாள். மூடியைத் திறந்து, ஒரு சட்டத்தைத் தூக்கி, நாரில் அரிவாள் நுனியை வைத்தாள்.

ரசலையன் கையில் இருந்த தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"நாரு அறுக்கேன்."

"என்னத்துக்கு?"

"அடை நேராத்தான நிக்கு. இனி போரும்."

"நேரா நிக்கது நாரு பிடிச்சிருக்கதுனாலயாக்கும். ஈச்ச இன்னும் மெழுகு வச்சு ஒட்டல்ல. இப்ப அறுத்தா அவ்வளவும் கீழ வந்து விழும். ஒனக்குக் கூறு இல்லியா? இருவத்தஞ்சு வருசமா எனக்க கூட நிக்குத, இது தெரியாதா?"

"பாக்கதுக்குக் கொள்ளாது. ஆராவது படம் எடுத்தா நாரு தெரியும்லா."

"தெரிஞ்சா தெரியட்டு. எவனாவது பெட்டிக்குள்ள படம் எடுப்பானா? ஒட்டி முடிஞ்சா அதுவளே நாரக் கடிச்சு வெளிய கொண்டு போடும். அது வர நாம தொடவே பிடாது."

"தொடவே பிடாதா?"

"பிடாது."

"டீச்சர் பறஞ்சா?"

ரசலையன் வாயைத் திறந்தான். அப்படியே வைத்திருந்தான். ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

நேசபாய் அரிவாளை எடுத்துவிட்டு, சட்டத்தைப் பூப்போல இறக்கி வைத்து மூடினாள். "பல்லு நகந்தாலும் அந்த எடத்தில எலும்பு வந்து ஒட்டணும், அது வர கம்பி கெடக்கணும், எடுத்தா பழைய எடத்துக்கே போவும்னு அந்த டாக்டர் பிள்ள அண்ணைக்கே பறஞ்சு. நீங்க வெளிய நிண்ணு சிப்ஸ் தின்னிட்டு இருந்திய."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாள். "அக்கா தேங்கா துருவின்னு சொன்னப்பவும் நீங்க பக்கத்திலதான் இருந்திய."

அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க ரசலையன் பெட்டி பெட்டியாகத் திறந்து மூடினான். எதற்குத் திறந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஈக்களும் கேட்கவில்லை.

தோட்டத்தில் போனுக்கு ரேஞ்சு கிடையாது. ஒரு பாறைமேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். சாயங்காலம் அவன் பாறையேறி டீச்சருக்குப் போன் போட்டான். கீழே இருந்து பார்த்தால் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. இறங்கி வந்தான்.

"சொல்லியாச்சா?" நேசபாய் கேட்டாள்.

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னிய?"

"தேன் எடுக்குதோம், ஒரு நாளு பாக்க வாருங்கன்னு."

"கம்பி?"

"அது... அதுக்குள்ள ரேஞ்சு போச்சு."

"செரி, வரட்டு. நான் சொல்லியேன்" என்றாள். அவள் அப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் பத்து வாரத்தில் மகள் மருமகளாகப் போகிற வீட்டின் அம்மாவிடம், முடியாது என்று சொல்லப்போகிறாள். மறுநாள் முழுக்க அந்த ஒரு வரியை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் தூக்கும்போதும் சொன்னாள், கிழங்கு தோலிக்கும்போதும் சொன்னாள்.

சனிக்கிழமை டீச்சரும் பெனிஷும் காரில் வந்தார்கள். மிஷினில் சட்டங்களை வைத்துச் சுற்றித் தேன் எடுக்கிற நாள். ரசலையன் பெனிஷைப் பிடித்துக்கொண்டு, பெட்டி காட்டுகிறேன் என்று தோட்டத்தின் தூரத்து மூலைக்குப் போய்விட்டான். அவ்வளவு தூரத்தில் பெட்டியே கிடையாது. ஷெட்டில் நேசபாய் மிஷின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை தேன். டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ரப்பர் மரத்தில் சாய்ந்து குருவி விரட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எடுக்கல்லியா நேசபாய்?"

வரி தயாராகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை. நேசபாய் ஒரு தேக்கிலையில் புது அடையாக ஒரு துண்டு அறுத்து வைத்து நீட்டினாள். "முதல்ல இத சாப்பிடுங்க டீச்சர். மெழுகோட மெல்லணும். சக்கைய மட்டும் துப்பினாப் போரும்."

டீச்சர் நல்ல மரியாதைக்காரர். ஒரு கடி கடித்தார். பிறகு இரண்டாவது கடி. அதோடு நின்றுவிட்டார். முகம் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. இடது கை எழுந்து வாய்க்கு முன்னால் போய் நின்றது.

மிஷின் நின்றது. அந்தக் கை எப்படிப் போகும், எவ்வளவு வேகத்தில் போகும், எந்த உயரத்தில் நிற்கும் என்பதெல்லாம் நேசபாய்க்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

"என்னாச்சு டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினார். இலையில் கிடந்த அடையில், கடித்த இடத்தில், டீச்சரின் மேல்வரிசை முன்பல் ஆறும் பொய்ப்பல் தட்டோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றன. நேராக, அளவெடுத்த மாதிரி.

நேசபாய் முதலில் வாசலைப் பார்த்தாள். பிறகு இலையை எடுத்துத் தன் மடியோரம் மறைத்துக்கொண்டாள். "பயப்படாண்டாம். தண்ணி ஊத்தினா போவாது. தேங்கா எண்ணெ போட்டாப் போவும். நான் எடுத்துத் தாரேன்."

"ஆரும் பாத்தாவளா?" கைக்குப் பின்னால் இருந்து டீச்சரின் குரல் வந்தது. கணக்கு டீச்சர் குரல் இல்லை அது. காற்று நுழைந்த குரல்.

"ஆருமில்ல. அந்தா மேக்கு வீட்டு மாமா இருக்காரு. அவரு வெளிய போய்ப் பறஞ்சாலும் ஒருத்தரும் நம்பமாட்டாவ."

இப்படித்தான் எனக்கு எங்கள் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

நேசபாய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, தென்னை ஈர்க்கால் பல் இடுக்கில் இருந்த மெழுகை நோண்டத் தொடங்கினாள்.

"எனக்கும் ஒங்களுக்கு உள்ளது மாதிரிதான்" என்றார் டீச்சர். "முன்னால நிக்கும். ஒண்ணு சொத்தை கெடையாது. கல்யாணம் பேசினப்போ அங்க உள்ளவிய வந்து பாத்துட்டு, பொண்ணு கொள்ளாம், பல்லுதான்னு ஒரு வார்த்த சொன்னாவ. மறுவாரம் அப்பா கூட்டிட்டுப் போனாவ. ஒரே நாளில ஆறையும் எடுத்தாவ. எனக்கு இருவத்தி நாலு வயசு."

"நல்ல பல்லையா?"

"நல்ல பல்ல. கல்லு மாதிரி பல்ல. எடுத்தவரே கேட்டாரு, எதுக்கும்மான்னு. எனக்குப் பதில் தெரியல்ல. அப்பாதான் சொன்னாவ." டீச்சர் கையை எடுக்கவே இல்லை. "அண்ணைக்கு ஒங்க வீட்டில, நீங்க அந்தக் கம்பியோட எனக்கு எதுக்க இருந்து காப்பி குடிச்சிய. எனக்குப் பாக்க முடியல்ல மைனி. அதுதான் எடுக்கச் சொன்னேன். ஃபோட்டோவுக்கெல்லாம் இல்ல."

நேசபாய்க்குச் சொல்ல வைத்திருந்த வரி எங்கேயோ போய்விட்டது. அவள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பல் இடுக்கில் இன்னும் மெழுகு இருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நல்ல வேள இப்ப பாத்தோம். ரெண்டு நாளு பெட்டிக்குள்ள கெடந்திருந்தா, ஈச்ச இத அடையோட சேத்து ஒட்டி, ஆறு பல்லுக்கு உள்ளேயும் தேன் ரொப்பி வச்சிருக்கும்."

டீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். கை வாயிலிருந்து நழுவியது. மேலே ஒரு முன்பல்கூட இல்லாத வாயோடு ஜெபகுமாரி டீச்சர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்ததும் நேசபாய்க்கும் வந்துவிட்டது. பழக்கத்தில் இடது கை எழுந்தது. பாதி வழியில் அந்தக் கையைப் பார்த்தாள். தேனும் எண்ணெயும் வழிய, அதில் இன்னொருத்தியின் ஆறு பல் இருந்தது. கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்று, கீழே இறங்கிவிட்டது.

நேசபாய் சிரித்தாள். மறைக்காமல், கம்பியும் வீங்கி வற்றிய உதடுமாக, வாய் நிறையச் சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் அரை அடி நகர்ந்தது. தோட்டத்துக் கடைசியில் இருந்த ரசலையன், ஈ மொத்தமாகக் கொட்டிவிட்டது என்று நினைத்து, முகவலையும் கையுமாக ஓடிவந்தான். ஷெட் வாசலில் அவன் நிற்பதற்குள் டீச்சர் திரும்பிக்கொண்டு தட்டை வாயில் மாட்டிக்கொண்டார். நேசபாய் மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

"என்னட்டி?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றாள், பல் தெரிய.

அவன் முகவலையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

மே மாதம் கல்யாணம் சிறப்பாக நடந்தது. முந்தின நாள் விருந்துக்குக் காய் நறுக்குகிற காய்வெட்டுக்கு ஊரே வந்தது. மறுநாள் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், இரண்டு பக்கமும் பெற்றவர்கள் என்று நிறுத்திய படம்பிடிக்கிற பையன், நேசபாயைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, நீங்க வாயை மூடிட்டு லேசாச் சிரிங்க."

மறுபக்கத்திலிருந்து டீச்சர் நடந்து வந்து நேசபாயின் இடது பக்கம் நின்றார். அவளுடைய இடது கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ படம் எடு. மைனி சிரிக்கத மைனி பாத்துக்கிடுவாவ."

எடுத்தான். கம்பியில் ஃபிளாஷ் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பந்தலுக்கு வெளியே இரண்டு சேவல் கூவியது. மத்தியானம் பன்னிரண்டரை மணி.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. ரசலையன் அந்த ஒரு படத்துக்கு மட்டும் தனியாக ஒரு பிரதி கேட்டு வாங்கினான். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து, நாலு மூலை ஒட்டு மட்டும் இருந்த பக்கத்தைத் திறந்தான். படத்தை வைத்துப் பார்த்தான். அளவு கூடுதல்.

நேசபாய் கையில் கத்திரிக்கோலோடு வந்து நின்றாள். "ஓரத்த வெட்டவா?"

"வேண்டாம்" என்றான் ரசலையன். இருபத்தைந்து வருஷம் பக்கத்தோடு பக்கமாக ஒட்டிப்போயிருந்த மூலைகளை நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக, கிழியாமல், படத்துக்கு இடம் வருகிற மட்டும் நகர்த்தத் தொடங்கினான். மூன்றாவது மூலைக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. அவள் போனில் வெளிச்சம் அடித்துப் பிடித்தாள். அவன் அவசரப்படவில்லை.